பாப்பிப் பூவும் பாசி படிஞ்ச கல்லும்

தீபாவளி நெருங்குற மாசத்துல இந்தப் பகுதிக்கு வர்ற கடிதமெல்லாம் முறுக்கு ஏன் எண்ணெய் குடிக்குது, பையனுக்கு கணக்கு ஏன் ஏறலன்னுதான் இருக்கும். இந்தத் தடவ பாதிக் கடிதம் நினைவுக்கல்லு, சிவப்புப் பூ, சயாமுக்குப் போனவங்கன்னு வந்திருக்கு. ரெண்டாம் உலகப்போர் சமயத்துல ஜப்பான்காரன் ரயில் பாதை போட நம்ம தோட்டத்து ஆளுங்கள சயாமுக்கு, அதாவது இப்பத்திய தாய்லாந்துக்கு, கொண்டு போனான், அவங்களத்தான் இப்படிச் சொல்வோம். மலேசியாவுல பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட்ல 31 வருஷம் தமிழ்ப்பள்ளியில பாடம் சொல்லிக் குடுத்தவ நான், இதப் பத்தி யாராச்சும் கேக்க மாட்டாங்களான்னு காத்துக்கிட்டு இருந்தவ. அதனால இந்த மாசம் முறுக்க ஒதுக்கி வச்சிட்டு இதுக்கு மட்டும் பதில் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க.

டீச்சர் வணக்கம். என் மகன் இங்கிலாந்துல படிக்கிறான். போன நவம்பர்ல அனுப்புன படத்துல சட்டையில ஒரு சிவப்புக் காகிதப் பூ குத்தியிருந்தான். கேட்டா பாப்பிப் பூம்மா, போர்ல செத்தவங்க ஞாபகமாங்கிறான். என் வீட்டுக்காரரு, அது கசகசாச் செடி, அபின் எடுக்கிற செடி, அத எதுக்கு நெஞ்சுல குத்தணும்னு சத்தம் போடுறாரு. நம்மவங்க அத குத்தலாமா? (ஓர் அம்மா, சுங்கை சிப்புட்)

உங்க வீட்டுக்காரரு சொல்றது பாதி சரிம்மா. கசகசா எடுக்கிறதும் ஒரு வகை பாப்பிதான், ஆனா இது அது இல்ல, அதுக்குச் சொந்தக்காரச் செடி. நம்ம கித்தா (ரப்பர்) காட்டுல லாலாங் புல்லு முளைக்கிற மாதிரி ஐரோப்பாவுல கோதுமை வயல்ல தானா முளைக்கிற களை. இதோட விதை மண்ணுக்குள்ள வருஷக்கணக்கா சும்மா கெடக்கும், மண்ணப் பொரட்டி வெளிச்சம் பட்டாத்தான் முளைக்கும். 1914லேர்ந்து 1918 வரைக்கும் நடந்த மொத உலகப்போர்ல பெல்ஜியம், பிரான்ஸ் பக்கம் குண்டு விழுந்து விழுந்து மண்ணு அடியோட பொரண்டு போச்சு, அந்த மண்ணுலயே சவக்குழி வெட்டுனாங்க, அங்கதான் இது செக்கச்செவேல்னு பூத்துச்சு. 1915 மே மாசம் கனடா ராணுவத்து டாக்டர் ஜான் மெக்ரே, கூட்டாளி செத்த துக்கத்துல இந்தப் பூவ வச்சு ஒரு கவிதை எழுதுனாரு. அமெரிக்காவுல மொய்னா மைக்கேல்னு ஒரு டீச்சரம்மா 1918ல அதப் படிச்சிட்டு, இனிமே இந்தப் பூவக் குத்திக்கிட்டுத்தான் அவங்கள நெனைக்கணும்னு முடிவு எடுத்தாங்க. பிரான்ஸ்காரங்க அன்னா கெரேன்ங்கிற அம்மா துணியில பூ செஞ்சு வித்து, போர்ல குடும்பத்த இழந்த புள்ளைங்களுக்குப் பணம் சேத்தாங்க. பிரிட்டன்ல இது வந்தது 1921 நவம்பர்ல, அடுத்த வருஷமே கை கால் போன சிப்பாய்ங்க உக்காந்து பூ செய்யிறதுக்குன்னு ஒரு தொழிற்சாலையும் ஆரம்பிச்சாங்க. நவம்பர் 11 ஏன்னா, 1918ல அந்தத் தேதி காலை 11 மணிக்குத்தான் மேற்குப் பக்கம் சண்டை நின்னுச்சு.

குத்தலாமான்னு கேட்டீங்க. அந்தப் போருக்கு இந்தியாவுலேர்ந்து மட்டும் பத்து லட்சத்துக்கு மேல ஆளுங்க கடல் தாண்டிப் போனாங்க, ஏறக்கொறைய 74,000 பேர் திரும்பி வரல. அது வெள்ளைக்காரன் பூன்னு நாம ஒதுங்கி நின்னா அந்த 74,000 பேரையும் சேத்துத்தான் ஒதுக்குறோம். தம்பிய குத்தச் சொல்லுங்க, எதுக்குக் குத்துறோம்னு தெரிஞ்சு குத்தச் சொல்லுங்க.

டீச்சர், நாங்க பழைய தோட்டத்துப் புள்ளைங்க. தோட்டம் கைமாறி, கித்தாவ வெட்டிட்டு செம்பனை போட்டு, லயமெல்லாம் (தொழிலாளிங்க வரிசை வீடு) இடிச்சு 20 வருஷம் ஆகுது. கோயில் மட்டும் நிக்குது. கோயிலுக்குப் பின்னால, சயாம் ரயில் போடப் போயி செத்தவங்களுக்காக எங்க தாத்தா காலத்துல வச்ச ஒரு கல்லு இருக்கு. பாசி படிஞ்சு கறுப்பாயிடுச்சு. வாட்சப் குரூப்ல பேசி கோத்தோங் ரோயோங் (எல்லாரும் கூடிச் செய்யிற வேல) வச்சிருக்கோம். பிளீச் நாலு போத்தல், வாட்டர் ஜெட், தங்கக் கலர் பெயிண்ட் எல்லாம் வாங்கியாச்சு. வேற என்ன வாங்கணும்? (ஒரு தம்பி, இப்ப ஈப்போவுல)

தம்பி, நீங்க எல்லாரும் கூடி அந்தக் கல்லத் தேடிப் போறீங்க பாருங்க, அதுக்கே உங்க தாத்தாமார்ங்க வாழ்த்துவாங்க. ஆனா வாங்குனத மொதல்ல கடையில திருப்பிக் குடுத்துடுங்க. ஏன் சொல்றேன்னா நான் பண்ணுன தப்ப நீங்க பண்ணக் கூடாது.

தொண்ணூறுகள்ல, நான் அப்ப நாலாம் ஆண்டு வகுப்பு எடுத்துக்கிட்டு இருக்கேன், இதே மாதிரி ஒரு கல்லு எங்க பள்ளிக்குப் பக்கத்துத் தோட்டத்துல இருந்துச்சு, வெள்ள மார்பிள், 14 பேரு பேர் தமிழ்ல வெட்டியிருந்தாங்க. பெரிய புள்ளைங்க பத்துப் பேரக் கூட்டிக்கிட்டுப் போனேன். கக்கூஸ் கழுவுற ஆசிட்டு, கம்பி பிரஷ்சு. ஊத்துன உடனே புஸ்ஸுன்னு நொரை பொங்கிச்சு, புள்ளைங்க கை தட்டுனாங்க, டீச்சர் எப்படி வெள்ளையாகுது பாருங்கன்னு. எனக்கும் சந்தோஷம். அந்த நொரை அழுக்கு இல்ல தம்பி, அது கல்லு. மார்பிள்ங்கிறது சுண்ணாம்புக் கல்லோட ஜாதி, ஆசிட்டு பட்டா கரைஞ்சு நொரையா போயிடும். காஞ்சப்புறம் வெரல வச்சா சீனி மாதிரி நொறநொறன்னு உதிருது. 14 பேர்ல ஒம்பது பேர்தான் படிக்க முடிஞ்சுது. அன்னிக்கு சாயங்காலம் தோட்டத்துப் பாட்டி ஒருத்தங்க வெத்தல பாக்கு எடுத்துக்கிட்டு வந்தாங்க, அவங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அண்ணன் பேரு மூணாவது வரியில இருக்குன்னு வெரலால தடவிப் பாத்துத்தான் கும்பிடுவாங்களாம். வெரல் மூணாவது வரிக்குப் போச்சு, இந்தப் பக்கம் தடவுனாங்க, அந்தப் பக்கம் தடவுனாங்க. ஒண்ணும் தட்டுப்படல. என்னையத் திரும்பிப் பாத்தாங்க, ஒரு வார்த்த திட்டல. இன்னிக்கும் எனக்கு அந்த வெரல் கண்ணுக்குள்ள நிக்குது.

அதனால சொல்றத பொறுமையா கேளுங்க. கையில எதையும் எடுக்கிறதுக்கு முன்னால போட்டோ எடுங்க, அதுவும் உச்சி வெயில்ல எடுக்காதீங்க, எழுத்தே தெரியாது. பொழுது சாயிற நேரத்துல ஒருத்தர் டார்ச்ச கல்லுக்குப் பக்கவாட்டுல, கல்ல ஒட்டுன மாதிரி புடிச்சு அடிக்கட்டும், தேஞ்சு போன எழுத்தோட பள்ளத்துல நெழல் விழும், பகல்ல வெறும் கல்லா இருந்த எடத்துல பேரு எந்திரிச்சு வரும். அத எழுத்துக்கு எழுத்து நோட்டுல எழுதிக்குங்க, தப்பா எழுதியிருந்தாலும் அப்படியே எழுதிக்குங்க. கல்லு போனாலும் பேரு மிஞ்சணும், மொத வேல அதான்.

அப்புறம் வெறும் தண்ணி. சோப்புத்தூள் வேணாம், சுத்தமான தண்ணிய கல்லு நல்லா குடிக்கிற அளவுக்கு ஊத்தி கொஞ்ச நேரம் விடுங்க, பாசி ஊறி எளகும். மூங்கில் பத்தை இல்லாட்டி ஐஸ்கிரீம் குச்சி, அதால மெதுவா வழிச்சு எடுங்க, கடைசியா மெத்து மெத்துன்னு இருக்கிற பிரஷ்சால கீழேர்ந்து மேல தேய்ங்க. மேலேர்ந்து ஆரம்பிச்சா அழுக்குத் தண்ணி காஞ்ச கல்லுல கோடு கோடா எறங்கும். ஒரே நாள்ல பளபளன்னு வராது, வரவும் வேணாம். பழைய கல்லு பழசாத்தான் இருக்கணும், படிக்க முடிஞ்சாப் போதும். எழுத்து ஏற்கனவே உதிர்ற நிலைமையில இருந்தா தண்ணி கூட ஊத்தாம வெளங்குனவங்க யாரையாச்சும் கூட்டிட்டு வந்து காட்டுங்க.

பிளீச் ஏன் வேணாங்கிறேன்னா, ஊத்துன அன்னிக்கு வெள்ளையாத்தான் தெரியும், ஆனா அதுல இருக்கிற உப்பு கல்லுக்குள்ள எறங்கி, மழையில நனைஞ்சு வெயில்ல காயும்போது உள்ளயே படிகமா பெருத்து மேல்தோல தள்ளி உரிச்சிடும். வாட்டர் ஜெட் எழுத்தோட ஓரத்த அரிச்சுத் தள்ளும், வெடிப்பு இருந்தா தண்ணிய உள்ள ஏத்தும். பெயிண்ட்டு விஷயம் இன்னும் மோசம், கல்லு மூச்சு விட முடியாம ஈரத்த உள்ளயே அடைச்சு வச்சிடும், ரெண்டு மழைக்காலத்துல பாளம் பாளமா கழண்டு வரும்போது கல்லையும் சேத்து இழுத்துக்கிட்டு வரும். உங்க கல்லு சிமெண்ட்டா இருந்து பெரியவங்க வருஷா வருஷம் சுண்ணாம்பு அடிச்சிருந்தாங்கன்னா அந்த வழக்கத்தையே தொடருங்க, சுண்ணாம்பு ஈரத்த வெளிய விடும். பித்தளை, வெங்கலப் பலகையா இருந்தா வருஷத்துக்கு நாலு வாட்டி பாலிஷ் போட்டுத் தேய்க்காதீங்க, எழுத்தும் சேந்து தேயும்.

வெடிப்புல அரசங்கன்னு முளைச்சிருக்கும், நம்ம ஊர்ல முளைக்காம இருந்தாத்தான் ஆச்சரியம். புடுங்கிடாதீங்க! வேர் உள்ள கையக் கோத்துக்கிட்டு இருக்கும், இழுத்தா கல்லு ரெண்டாப் போகும். மட்டமா அறுத்து விடுங்க, துளிர்க்கத் துளிர்க்க அறுங்க, தானா சோந்து போகும். புல்லு மெஷின கல்லுக்குக் கிட்ட கொண்டு போகாதீங்க, அந்த நைலான் கயிறு அடிச்சு அடிச்சே அடிக்கல்ல தின்னுடும், ஒரு முழம் விட்டுட்டு மிச்சத்த கத்தியால வெட்டுங்க. தோட்டத்துல அடிக்கிற புல்லு மருந்தும் கல்லடியில வேணாம்.

இதச் சொன்னா சில பேருக்கு வருத்தமா இருக்கும், இருந்தாலும் சொல்றேன். கல்லு மேல பால் ஊத்துறது, எண்ணெய் தேய்க்கிறது, குங்குமம் அப்புறது வேணாம். பால் பாசிக்கு சோறு போட்ட மாதிரி, எண்ணெய் தூசியெல்லாம் இழுத்து ஒட்டிக்கும், குங்குமச் சாயம் மார்பிளுக்குள்ள எறங்குனா போகவே போகாது. கும்பிடுங்க, தாராளமா கும்பிடுங்க. கல்லுக்கு முன்னால ரெண்டு அடி தள்ளி ஒரு மண் தட்டு வச்சு அதுல சூடம் ஏத்துங்க, மாலைய பக்கத்துல ஒரு கம்பு நட்டு அதுல போடுங்க. நம்ம முன்னோர்ங்க நடுகல்லுக்கு மயில் பீலி சூட்டுனாங்க, பேரையும் பெருமையையும் எழுதி வச்சாங்கன்னு சங்கப் பாட்டுல இருக்கு. அப்படி எழுதி வச்ச பேர நாம எதையாச்சும் அப்பி மறைக்கக் கூடாது.

நெலம் இப்ப யார் பேர்ல இருக்குன்னு பாத்து, கோயில் கமிட்டிகிட்டயும் தோட்ட நிர்வாகத்துக்கிட்டயும் எழுத்துல அனுமதி வாங்கிக்குங்க. நல்லது செய்யப் போறோம்னு வாய்ப்பேச்சா போயிட்டு, அப்புறம் கேட் சாவிக்கு அலையாதீங்க.

மகளே, எனக்கு வயசு 83. எங்க அப்பா சயாமுக்குப் போறப்ப நான் கைப்புள்ள. திரும்பி வரல. தாய்லாந்துல காஞ்சனபுரியில வெள்ளைக்காரன் அழகா கல்லறை கட்டி வச்சிருக்கான், அங்க போனா அப்பா பேரு இருக்கும்னு பேரன் சொல்றான். போயிட்டு வர காசு சேக்கிறேன். இருக்குமாம்மா? (ஒரு பாட்டி, கோலகங்சார்)

பாட்டி, உங்களுக்குப் பொய் சொல்ல எனக்கு மனசு வரல. அந்தக் கல்லறைத் தோட்டத்துல உங்க அப்பா பேரு இருக்காது.

அதப் பாத்துக்கிறது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம். 1917ல ஆரம்பிச்சாங்க. பணக்காரன் ஏழை, ஆபீசர் சிப்பாய்னு பாக்காம எல்லாருக்கும் ஒரே மாதிரி மரியாதை, செத்த ஒவ்வொருத்தருக்கும் பேரு கல்லுலயோ பலகையிலயோ இருக்கணும்ங்கிறது அவங்க கொள்கை. நல்ல கொள்கை, அத நான் எங்க வேணாலும் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்வேன். ஆனா அது படையில இருந்தவங்களுக்கு. சயாம்லேர்ந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் பாதை, 1942ல ஆரம்பிச்சு 1943 அக்டோபர்ல முடிச்சாங்க. அதுல வேல செஞ்ச போர்க்கைதிங்க 60,000 பேருக்கு மேல, செத்தவங்க 12,000 பேருக்கு மேல. அவங்கள்ல ஏறக்கொறைய 7,000 பேரு காஞ்சனபுரிக் கல்லறையில இருக்காங்க. ஆசியத் தொழிலாளிங்க, அதாவது நம்ம தோட்டத்து ஆளுங்க, பர்மாக்காரங்க, ஜாவாக்காரங்க, மலாய்க்காரங்க, சீனவங்க, இவங்க கைதிங்கள விட பல மடங்கு அதிகம், செத்ததும் பல மடங்கு அதிகம். காலராவும் மலேரியாவும் வயித்துக்கடுப்பும் வந்தப்ப கைதிங்க கூட அவங்க படை டாக்டருங்க இருந்தாங்க, செத்தவங்க பேர ஒளிச்சு ஒளிச்சாவது எழுதி வச்ச ஆபீசருங்க இருந்தாங்க. நம்ம ஆளுங்களுக்கு பெரும்பாலும் டாக்டரும் இல்ல, பேரு எழுத ஆளும் இல்ல. இத எழுதும்போது எனக்கு வயிறு எரியுது பாட்டி.

ஆனா போகாதீங்கன்னு சொல்லல. காஞ்சனபுரியில வாட் தாவோர்ன் வராராம்னு ஒரு புத்தர் கோயில் இருக்கு, அங்க தொழிலாளிங்களோட எலும்பெல்லாம் சேத்துப் புதைச்ச எடம் இருக்கு. அதே கோயில்ல 2024ல தமிழாளுங்களுக்குன்னு ஒரு நடுகல்லும் வச்சிருக்காங்க. வெள்ளைக்காரங்க கல்லறையில ஒரு நிமிஷம் நில்லுங்க, அவங்களும் யாரோ பெத்த புள்ளைங்கதான், 20, 22 வயசுப் பையங்க. அப்புறம் இந்தக் கோயிலுக்குப் போயி உங்க அப்பா பேர வாய்விட்டு சத்தமா சொல்லுங்க, உங்க பூவ அங்க வைங்க.

போறதுக்கு முன்னால ஒரு வேல, பேரன பக்கத்துல உக்கார வச்சு போன்ல ரெக்கார்ட் பண்ணச் சொல்லுங்க. அப்பா பேரு, அவங்க அப்பா பேரு, எந்தத் தோட்டம், எந்த லயம், கங்காணி யாரு, கூடப் போனவங்க யாரு, யாராச்சும் திரும்பி வந்து என்ன சொன்னாங்க. அம்மா என்ன சொல்லி அழுதாங்கன்னு கூடச் சொல்லுங்க. சின்ன விஷயம்னு எதையும் விட்டுடாதீங்க. இப்படி ஞாபகங்கள சேத்து வைக்கிறதுக்குன்னே டெத் ரயில்வே இன்ட்ரஸ்ட் குரூப்னு நம்ம நாட்டுல ஒரு குழு இருக்கு, பேரன விசாரிக்கச் சொல்லுங்க, ரெக்கார்ட் பண்ணதுல ஒரு காப்பி அவங்களுக்கும் போகட்டும்.

டீச்சர், எங்க தாத்தா நேதாஜி படையில இருந்தவரு. பிரிட்டிஷ்காரங்க நினைவுச்சின்னத்துல நான் பூ வச்சா அது தாத்தாவுக்கு துரோகமா? (ஒரு வாசகர், தைப்பிங்)

இல்லீங்க. உங்க தாத்தா எதிர்த்தது ஆட்சிய, மண்ணுக்குள்ள படுத்திருக்கிற பையன இல்ல. தைப்பிங்லயே இருக்கீங்க, புக்கிட் லாரூட் போற ரோட்டுல ரெண்டு பக்கமும் இருக்கிற போர்க் கல்லறைய பாத்திருப்பீங்க. ஒரு பக்கம் கிறிஸ்துவங்க, இன்னொரு பக்கம் முஸ்லிம், இந்து, கூர்க்கா வீரருங்க, மொத்தம் 850 கல்லறைக்கு மேல, அதுல பாதிக்கு மேல பேரு தெரியாதவங்க. 1941 டிசம்பர்லயும் 1942 ஜனவரியிலயும் இந்தப் பேராக் மண்ணுல ஜப்பான்காரன மறிச்சு நின்ன இந்தியப் படை ஆளுங்களும், அப்புறம் நேதாஜி பின்னால போனவங்களும் பல பேரு ஒரே ஊரு, ஒரே பட்டாளம். நம்ம தோட்டத்துப் பொண்ணுங்க நேதாஜியோட ஜான்சி ராணி பெண்கள் படையில சேந்தாங்க, அவங்க எந்தக் கல்லுல இருக்காங்க? சிங்கப்பூர்ல நேதாஜி 1945 ஜூலையில அடிக்கல் போட்ட ஐஎன்ஏ (அவரோட இந்திய தேசிய ராணுவம்) நினைவுச்சின்னத்த, திரும்பி வந்த பிரிட்டிஷ்காரங்க கொஞ்ச நாள்லயே வெடி வச்சுத் தகர்த்தாங்க. அது தப்பு. செத்தவனோட கல்ல ஒடைக்கிறது யார் செஞ்சாலும் தப்பு. அதே எடத்துல 1995ல ஒரு நினைவுப் பலகை வந்துச்சு, சிங்கப்பூர் போனா எஸ்பிளனேட் பூங்காவுல பாருங்க. தாத்தாவுக்கு அங்க ஒரு பூ, தைப்பிங்ல பேரு தெரியாத ஒருத்தருக்கு ஒரு பூ. ரெண்டும் வைங்க.

பாப்பிக்குப் பதிலா செம்பருத்தி வைக்கலாமா டீச்சர்? (மாணவி, ஆறாம் ஆண்டு)

வைக்கலாம்டா கண்ணு, அழகா வைக்கலாம். நம்ம நாட்டுப் பூ அது, நம்ம வீட்டு வேலியிலயே பூக்குது. காலையில பறிச்சா சாயங்காலம் சுருங்கிடும், அதனால பிளாஸ்டிக் பூ வாங்கி வச்சிட்டு மறந்து போற மாதிரி ஆகாது, மறுபடி பறிச்சிட்டு நீ போய்த்தான் ஆகணும். போகும்போது வாடுனத எடுத்துப் போட்டுடு.

ஜூலை 31 ஹரி பஹ்லவான் (நம்ம நாட்டு வீரர்கள் நாள்), நவம்பர் 11 வெள்ளைக்காரங்க நாள். எங்க தோட்டத்துக் கல்லுக்கு எந்த நாள வைக்கிறது? (கோயில் கமிட்டி உறுப்பினர், சுங்கை சிப்புட்)

ஜூலை 31, 1960ல அவசரகாலம், அதாவது மலாயாவுல கம்யூனிஸ்ட்காரங்களோட நடந்த சண்டைக்காலம், முடிஞ்ச தேதி. அந்த அவசரகாலம் ஆரம்பிச்சதே நம்ம ஊர்லதான், 1948 ஜூன் 16ஆம் தேதி மூணு தோட்டத் தொரைமாருங்கள சுட்டப்புறம். அதனால ஜூலை 31க்கு நம்ம ஊர்ல அர்த்தம் இருக்கு. நவம்பர் 11க்கு என்ன அர்த்தம்னு மேல சொல்லிட்டேன், யாராச்சும் அன்னிக்குப் பூ வைக்க வந்தா வழி விடுங்க. ஆனா உங்க கல்லுல இருக்கிறவங்க சயாமுக்குப் போனவங்க, எந்தத் தேதியில செத்தாங்கன்னு யாருக்கும் தெரியாது. நாங்க எங்க கல்லுக்கு தீபாவளிக்கு மொத நாள வச்சிருக்கோம். அன்னிக்குத்தான் வீட்டு வீட்டுக்கு செத்தவங்களுக்குப் படையல் போடுறோம், வெளியூர்ல வேல செய்யிற புள்ளைங்களும் வீடு வந்து சேந்திருக்கும். காலையில ஏழு மணிக்குப் போயி, கல்லு உதிர்றதால அதத் தொடாம சுத்தி இருக்கிற எடத்த மட்டும் கூட்டிட்டு, அன்னிக்கு எழுதி வச்ச நோட்ட எடுத்து 14 பேரையும் படிப்போம். ஒம்பது பேரு கல்லுல இருந்து எடுத்தது, மிச்சம் அஞ்சு பேரு அந்தப் பாட்டியும் இன்னும் ரெண்டு பெரியவங்களும் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கிட்டது. மூணாவதா அந்தப் பாட்டியோட அண்ணன் பேரு வரும், அத மட்டும் நான் ரெண்டு தடவ படிப்பேன்.